மாற்றும் உழைப்பும்: அன்றாட நகையின் தேர்வும் பேணலும்

தமிழகத்தில் பெண்கள் நாள்தோறும் கழற்றாமல் அணியும் நகைகள் எண்ணிக்கையில் சிலவே. கழுத்தில் தாலிக்கொடி அல்லது மெல்லிய சங்கிலி, காதில் தோடு, மூக்கில் மூக்குத்தி, கையில் இரண்டு வளையல், விரலில் ஒரு மோதிரம், காலில் வெள்ளிக் கொலுசு, மணமானவர்க்கு மெட்டி என்ற அளவில் அப்பட்டியல் முடிந்துவிடுகிறது. விசேஷத்துக்கு எடுத்து அணிந்து மறுநாளே பெட்டகத்துக்குள் வைக்கப்படும் ஆரம், ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி ஆகியவற்றை நோக்க இவை எடையிலும் வேலைப்பாட்டிலும் எளியவை. எனினும் வியர்வை, எண்ணெய், மஞ்சள், சோப்பு, பாத்திரம் துலக்கும் பொடி, தலையணை உறை, குழந்தையின் பிடி ஆகிய அனைத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டியவை இவையே. கடையில் கேட்கப்படும் கேள்விகளோ மாற்று என்ன, சேதாரம் எவ்வளவு, திருப்பிக் கொடுத்தால் என்ன விலை போகும் என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. அவை பெட்டக நகைக்குப் போதும். அன்றாட நகைக்கு, அது எத்தனை காலம் உழைக்கும் என்ற கேள்வியும் உண்டு. மாற்று என்பது தங்கத்தின் தூய்மை அளவு. உழைப்பு என்பது தேயாமலும் அறாமலும் நெளியாமலும் தாங்கும் திறம். இவ்விரண்டும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. அன்றாட நகையின் தேர்வு குறித்த கருத்து வேறுபாடுகள் பலவற்றுக்கும் இதுவே வேர்.

தூய தங்கம் 24 காரட் எனப்படும். அது விரல்நகத்தைவிடச் சற்றே கடினமானது. தாளினும் மெல்லிய தகடாகத் தட்டலாம், மயிரிழைக் கம்பியாக இழுக்கலாம், ஆனால் அதில் செய்த மோதிரம் குடமும் வாளியும் தூக்கும் கையில் விரைவிலேயே வட்டம் கலைந்துவிடும். எனவே செம்பு, வெள்ளி, துத்தநாகம் போன்றவற்றைக் கலந்து கடினமாக்குகிறார்கள். ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கமுள்ளது 22 காரட். 750 பங்குள்ளது 18 காரட். 585 பங்குள்ளது 14 காரட். கலப்பு கூடக்கூடப் பொதுவாக உலோகம் கடினமாகும், நிறம் மாறும், விலை குறையும். தமிழகத்தில் நகை என்றால் 22 காரட் என்பதே வழக்காகிவிட்டது. 8 கிராம் கொண்ட பவுனைக் கணக்கலகாகக் கொண்ட சமூகம், அப்பவுனுக்குப் பெயர் தந்த ஆங்கிலேயர் காலத்துத் தங்க நாணயத்தின் மாற்றையே நகைக்கும் அளவுகோலாகக் கொண்டிருப்பது இயல்பானதுதான். அந்த நாணயமும் 22 காரட்டே.

இந்த வழக்கத்தை அரசு ஒருமுறை சட்டத்தால் மாற்ற முயன்றது. சீனப் போரை அடுத்து, 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேற்படக் கூடாது என்றன. அன்னியச் செலாவணியைக் காப்பதும் கடத்தலைக் குறைப்பதும் அதன் நோக்கம். நகையின் உழைப்பைப் பற்றி அரசுக்குக் கவலை ஏதும் இருந்ததில்லை. தொழில்நுட்ப நோக்கில் மட்டும் பார்த்தால், நாள்தோறும் அணியும் மோதிரத்துக்கும் வளையலுக்கும் 14 காரட் குறைபாடற்ற தேர்வு. மேலைநாடுகள் பலவற்றில் அதுவே இன்றும் பெருவழக்கு. ஆனால் இங்கு நகை என்பது அணியும் பொருளாகவும், ஆபத்துக்கு அடகு வைக்கும் சேமிப்பாகவும் ஒரே வேளையில் இருந்தமையால், மக்கள் அந்த மாற்றை ஏற்கவில்லை. பொற்கொல்லர் பலர் பிழைப்பை இழந்ததுதான் கண்ட பலன். 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இறுதியில் 1990இல் நீக்கப்பட்டது. அன்று ஆணையால் நடவாததை இன்று விலையேற்றம் மெல்ல நடத்திவருகிறது: 18 காரட் நகைகள் கடைகளில் தனிப் பிரிவாக வளர்ந்துள்ளன, 2025இல் 9 காரட்டும் முத்திரைக்குரிய தரங்களுள் சேர்க்கப்பட்டது.

மாற்றைக் குறைப்பதே உழைப்புக்கு வழி என்று இதனால் முடிவுகட்டிவிட முடியாது. உலோகம் தேய்வதால் நேரும் இழப்பு உண்மையில் எவ்வளவு என்பதற்கு ஓர் அளவீடு உள்ளது. வியன்னாவில் பணியாற்றிய வேதியியலாளர் கியோர்க் ஸ்டைன்ஹவுசர், ஏறத்தாழ 5.6 கிராம் எடையுள்ள தமது 18 காரட் திருமண மோதிரத்தை ஓராண்டுக் காலம் வாரந்தோறும் நுண்தராசில் நிறுத்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார். வாரத்துக்கு 0.12 மில்லிகிராம் என்ற அளவில், ஆண்டுக்குச் சுமார் 6 மில்லிகிராம் தேய்ந்திருந்தது. மணல் நிறைந்த கடற்கரையில் விடுமுறையைக் கழித்த வாரத்தில் தேய்மானம் கூடியது. இக்கணக்கில் முப்பது ஆண்டு அணிந்தாலும் நூற்றுக்கு மூன்று பங்குதான் குறையும். 22 காரட் இன்னும் மென்மையாதலால் சற்றுக் கூடுதலாகத் தேயலாம். ஆயினும் ஒரு நகை பயனற்றுப்போவதற்கு உடல் முழுவதும் பரவிய இச்சிறு தேய்மானம் காரணமன்று. இரு துண்டுகள் ஒன்றோடொன்று உரசும் இடத்திலும், பற்றவைத்த இடத்திலும், திருகும் இடத்திலும்தான் நகை தோற்கிறது. எனவே அன்றாட நகையைத் தேர்வதென்பது பெரிதும் அதன் மூட்டுகளைத் தேர்வதே. விளம்பரங்கள் இதைப் பேசுவதில்லை.

கழுத்துச் சங்கிலியில் இது தெளிவாகப் புலப்படும். ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியின் உட்புறத்தில்தான் உரசுகிறது. வியர்வையோடு சேர்ந்த தூசு அவ்விடத்தில் சாணைப் பொடியாக வேலை செய்கிறது. வெளிப்புறம் பளபளப்பாக இருக்க, உட்புறத்தில் கம்பியின் கனம் பாதியாகிவிட்டிருக்கும். கொக்கியை ஒட்டிய கடைசி வளையங்களும், பதக்கமோ தாலியோ தொங்கும் நடுப்பகுதியும் முதலில் மெலிகின்றன. தாலிக்கொடியில் கோக்கும் குண்டு, மாங்காய், காசு ஆகியவற்றின் துளை விளிம்புகள் கூராக இருந்தால் அவையும் கொடியைத் தின்னும். இவை அனைத்தினும் கேடானது, அவசரத்துக்கு உதவுமென்று தாலிக்கொடியில் மாட்டிவைக்கும் ஊக்கு. இரும்பு தங்கத்தைவிடப் பன்மடங்கு கடினமானது. நாள் முழுவதும் அசையும் ஊக்கு, ஒரு சிறு அரம்போல ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். பழைய கொடிகளைப் பழுதுபார்க்க எடுத்தால், நடுவில் ஒரு விரற்கடை அளவுக்கு மட்டும் கண்ணிகள் ஒருபக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருப்பதைக் காணலாம். அது ஊக்கு இருந்த இடம்.

ஆகவே அன்றாடச் சங்கிலியில் கவனிக்க வேண்டியவை சில. எடை ஒன்றாயிருக்க, நீளம் குறைந்து கம்பி கனத்தது மேல். உள்ளே குழலாக, வெளியே பருமனாகச் செய்யப்படும் சங்கிலி குறைந்த பவுனில் நிறைந்த தோற்றம் தரும். ஆனால் நசுங்கினால் நிமிர்த்த முடியாது, அறுந்தால் பற்றவைப்பதும் கடினம். முறுக்கிப் பின்னிய வகையில் ஒரு கண்ணி போனாலும் மற்றவை தாங்கும். பெட்டிக் கண்ணிச் சங்கிலி ஒருமுறை மடங்கிவிட்டால் அந்த மடிப்பிலேயே அறும். எஸ் வடிவக் கொக்கி எளியது, பழுதாகும் சுருள்வில் அதில் இல்லை. ஆனால் வாய் விரிந்துவிட்டால் தானே கழன்றுவிடும், ஆதலால் அவ்வப்போது அதை நெருக்கிக்கொள்ள வேண்டும். கொக்கியும் அதன் வளையமும் சங்கிலியைவிடக் கனமாக இருப்பது நல்லது. பறிகொடுக்கும் அச்சம் உள்ளவர்கள் நீளத்தைக் குறைத்து உள்ளே அணிவது ஒன்றே கழுத்துக்குப் பாதுகாப்பு. அறவே அறாத சங்கிலி கழுத்தை அறுக்கும்.

கண்ணிகளைப் பற்றவைக்கும் உலோகத்துக்குப் பற்றாசு என்று பெயர். நகையின் தங்கம் உருகுவதற்கு முன்னமே அது உருக வேண்டும். எனவே அதில் கலப்பு கூடுதலாக இருந்தாக வேண்டும். பழைய முறையில் செம்பும் வெள்ளியும் மிகுந்த பொடியை வைத்து ஊதியதால், நகையை மொத்தமாக உருக்கும்போது மாற்று வெகுவாக இறங்கியது. இதைத் தவிர்க்க 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு காட்மியம் சேர்த்த பற்றாசு வந்தது. கேடிஎம் என்று தமிழகமெங்கும் விளம்பரமானது அதுதான். மக்கள் அதை ஒரு தூய்மை முத்திரையாகவே எண்ணினர். அது பற்றவைக்கும் முறையின் பெயரேயன்றி முத்திரையன்று. காட்மியம் 321 பாகையில் உருகி 767 பாகையில் ஆவியாகும். ஊதுகுழலின் வெப்பத்தில் எழும் அந்த ஆவி நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அணிபவருக்கு அதனால் பெருந்தீங்கு இல்லை, பட்டறையில் குனிந்திருந்தவருக்கே தீங்கு. இப்போது துத்தநாகம் போன்றவை அதன் இடத்தைப் பிடித்துள்ளன.

தூய்மைக்கு உண்மையான சான்று இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் முத்திரை. 2000ஆம் ஆண்டு விருப்பத் திட்டமாகத் தொடங்கிய அது, 2021 ஜூன் 16 முதல் படிப்படியாக மாவட்டவாரியாகக் கட்டாயமாக்கப்பட்டது. அமைவனத்தின் முக்கோணச் சின்னம், 22K916 போன்ற மாற்றுக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளக் குறியீடு ஆகிய மூன்றும் இன்று நகையில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். குறியீட்டை அமைவனத்தின் கைபேசிச் செயலியில் இட்டால் நகையின் வகையும் மாற்றும் தெரியவரும். 2023 ஏப்ரல் 1 முதல் இக்குறியீடு இல்லாமல் விற்கக் கூடாது. ஆயினும் 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு விலக்கு உண்டு. மூக்குத்தி, குழந்தைகளின் கம்மல், சிறு மோதிரம் முதலியன பெரும்பாலும் இவ்விலக்கில் அடங்கிவிடுவதால், உடலைவிட்டு ஒருபோதும் நீங்காத நகைகளுக்கே சட்டத்தின் காவல் இல்லை என்ற முரண் எழுகிறது. இவற்றுக்குக் கடையின் ரசீதும் வாக்குமே சான்று. முத்திரை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அது மாற்றுக்குச் சான்று, உழைப்புக்கு அன்று, பலவீனமான கொக்கிக்கும் 916 முத்திரை கிடைக்கும்.

தோட்டுக்கும் மூக்குத்திக்கும் உயிர்நிலை திருகாணி. அதன் மரை, அதாவது சுருள்வரிப் பள்ளம், மென்மையான தங்கத்தில் வெட்டப்பட்டிருப்பதால் ஆண்டுக்கணக்கில் திருகித் திருகித் தேய்கிறது. பிறகு இறுகாமல் வழுக்கும். தோடு தொலைவதில் பெரும்பகுதி இவ்வாறு நேர்வதே. வாங்கும்போது மரை எத்தனை சுற்று பிடிக்கிறது என்று திருகிப் பார்ப்பது, பூவேலையைப் பார்ப்பதினும் முதன்மையானது. கனத்த ஜிமிக்கியை நாள்தோறும் அணிந்தால் காதுமடலின் துளை நீண்டு, இறுதியில் கிழிந்தும் போகும். எடையின் ஒரு பகுதியைக் கூந்தலுக்கு மாற்றும் மாட்டல் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. அதைக் கைவிட்டவர்கள் தோட்டின் எடையையும் குறைத்துக்கொள்ள வேண்டும். மூக்குத்தியின் உட்புற முனை வழவழப்பாக இல்லாவிட்டால் புண் ஆறாது.

கல் வைத்த நகையில், கல்லின் கடினமும் அதைப் பிடிக்கும் கட்டும் தனித்தனியே நோக்கத்தக்கவை. கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, மரகதம் ஏறத்தாழ 8, பவளமும் முத்தும் 3 அல்லது 4. தெருத்தூசியில் நிறைந்துள்ள மணற்துகளின் கடினம் 7. எனவே 7க்குக் கீழ்ப்பட்ட எந்தக் கல்லும் துடைக்கும்போதே கீறல் விழும். பவள மோதிரமும் முத்து மோதிரமும் அன்றாட வேலைக்குரியவை அல்ல, சோதிடர் சொன்னாலும் அந்த உண்மை மாறாது. மரகதம் கடினமானதே ஆயினும் உள்ளே வெடிப்புகள் கொண்டது. அவ்வெடிப்புகளை எண்ணெய் ஊட்டி மறைப்பது வழக்கமாதலால் வெந்நீரும் சோப்பும் அதன் தெளிவைக் குலைக்கும். வெடிப்புகளில் கண்ணாடி நிரப்பிய மலிவு மாணிக்கத்தை அமிலம் அரிக்கும்.

தமிழகத்து ஏழுகல் வைரத்தோடு தனியே கூறத்தக்கது. பின்புறத்தை மூடிக் கட்டும் பழைய முறையில் கல்லின் அடியில் ஒளி திருப்பும் தகடு வைப்பதுண்டு. பின்னால் அழுக்கு படியாது, ஆனால் விளிம்பின் இடுக்கு வழியாக நீரோ எண்ணெயோ உள்ளே புகுந்துவிட்டால் கல் மங்கிவிடும், பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பின்புறம் திறந்த கட்டில் இக்குறை இல்லை. ஆனால் அங்கே வேறொன்று நிகழ்கிறது. வைரத்தின் மேற்பரப்பு நீரை ஒதுக்கி எண்ணெய்ப்பசையை ஈர்க்கும் இயல்புடையது. சுரங்கங்களில் மசகு பூசிய மேசைமீது கூழாங்கற்களை நீரோடு ஓடவிட்டு வைரத்தை மட்டும் பிரித்தெடுத்தது இவ்வியல்பைக் கொண்டுதான். தலைக்கு எண்ணெய் தேய்க்கும் வீட்டில் வைரத்தோடு சில வாரங்களிலேயே ஒளி குன்றுவதற்கும் அதுவே காரணம். கல் போலியோ என்று ஐயுற வேண்டியதில்லை. வெதுவெதுப்பான சோப்புநீரில் சற்று ஊறவைத்து, மிக மென்மையான தூரிகையால் கல்லின் பின்புறத்தைத் துலக்கினால் ஒளி மீளும். மூடிய கட்டுக்கு இம்முறை ஆகாது. ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்த வேண்டும்.

வளையல் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. உள்ளே அரக்கு நிரப்பியவை சூட்டுக்கு ஆகா. மெல்லிய தகட்டு வளையல்கள் கதவிலும் பம்பிலும் இடித்து நசுங்கும். இரண்டு கெட்டி வளையல் நான்கு மெல்லிய வளையலைவிட நெடுங்காலம் இருக்கும்.

வெள்ளியின் குறை தேய்மானமன்று, கறுப்பு. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்பைடுதான் அந்தக் கறுப்பு. முட்டை, வெங்காயம், ரப்பர் ஆகியவற்றின் அருகில் அது விரைவாகப் படியும். கொலுசுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சேலத்திலிருந்து வரும் கொலுசுகளில் கண்ணிகளின் இடுக்கிலும் சலங்கையின் உள்ளும் இது தங்கிவிடும். திருநீறோ பற்பசையோ இட்டுத் தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் உதிரும். அலுமினியத் தாளைப் பாத்திரத்தில் விரித்து, அதன்மேல் நகை படும்படி வைத்து, வெந்நீரும் சமையல் சோடாவும் சேர்த்தால், கந்தகம் அலுமினியத்துக்கு மாறி வெள்ளி மீண்டும் வெள்ளியாகும். உலோகம் சிறிதும் குறைவதில்லை. கல் பதித்தவற்றுக்கும், வேலைப்பாட்டுக்கென்றே கறுப்பேற்றியவற்றுக்கும் இம்முறை பொருந்தாது. மெட்டி தரையில் உரசித் தேய்வது தவிர்க்க முடியாதது. அது திறந்த வளையமாக இருப்பதால் கால் வீங்கும் காலத்தில் விரித்துக்கொள்ள முடிகிறது. மூடிய மோதிரத்துக்கு அந்த வசதி இல்லாமையால், கருவுற்றோர் விரல் வீங்கும் முன்பே அதைக் கழற்றிவிடுவது நல்லது.

சிதம்பரம் கவரிங் என்ற பெயரில் தமிழகமெங்கும் அறியப்பட்ட முலாம் நகைகளை இழிவாகக் கருதுவதற்கு நியாயமில்லை. பேருந்தில் அஞ்சாமல் போய்வர உதவும் நகை அதுவே. செம்பு அல்லது பித்தளை உடலின்மீது மெல்லிய தங்க முலாம் ஏற்றியது அது. வியர்வை படும் கழுத்துப் பின்புறத்தில் முதலில் முலாம் போகும். குளித்து ஈரம் உலர்ந்தபின் அணிவதும், இரவில் கழற்றித் துடைத்து வைப்பதும் அதன் ஆயுளை நீட்டிக்கும். தோலுக்கு ஒவ்வாமை தருவது பெரும்பாலும் முலாமுக்கு அடியில் இருக்கும் நிக்கல். ஐரோப்பிய ஒன்றியம், தோலில் நெடுநேரம் படும் பொருள்களிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிப்படக் கூடாதென்றும், துளையில் இடும் நகைகளுக்கு அது 0.2 என்றும் வரம்பிட்டுள்ளது. புதிதாகக் காது குத்திய குழந்தைக்கு முலாம் கம்மல் இடாமல் தங்கமே இடும் பழைய வழக்கம் இவ்வகையில் அறிவுடையது.

தங்க நகையைத் தூய்மைசெய்யப் பூந்திக்கொட்டை ஊறிய நீரைவிடச் சிறந்தது எதுவும் கடைகளில் விற்கப்படவில்லை என்று துணிந்து கூறலாம். அக்கொட்டையின் தோலில் உள்ள சப்போனின் நுரைத்து எண்ணெய்ப்பசையைப் பிரிக்கும். தேய்க்கும் துகள் ஏதும் அதில் இல்லை. வெதுவெதுப்பான அந்நீரில் நகையை ஊறவிட்டு, மென்தூரிகையால் துலக்கி, குழாயடியில் அன்றிக் கிண்ணத்து நீரில் அலசினால் கழன்ற கல்லோ திருகோ சாக்கடைக்குப் போகாது. பற்பசையில் உள்ள துகள்கள் தங்கத்தைவிடக் கடினமானவை. பளபளப்பு கூடியதுபோல் தோன்றும், மேற்பரப்பு குறைந்திருக்கும். பிளீச்சிங் பவுடரிலும் நீச்சல் குளத்திலும் உள்ள குளோரின், மாற்றுக் குறைந்த தங்கத்தின் பற்றவைப்புகளையும் கல்லைப் பிடிக்கும் கம்பிகளையும் அரிக்கும். வெள்ளைத் தங்கம் அதற்கு எளிதில் இரையாகும். உடைந்த வெப்பமானியின் பாதரசம் பட்டால் தங்கம் நொடியில் வெளுத்துவிடும். அந்த வெண்மையை நீக்க வீட்டில் சூடாக்கக் கூடாது. எழும் ஆவி நஞ்சு. வீடு தேடி வந்து மெருகு போட்டுத் தருவோரிடம் நகையைக் கொடுப்பதும் தகாது: ராஜதிராவகம் என்னும் அமிலக் கலவை தங்கத்தைக் கரைக்கும், பளபளக்கும் நகை சில கிராம் குறைந்து திரும்பிவரும், கரைந்த தங்கம் அவர்களுடைய கிண்ணத்தில் தங்கிவிடும்.

பழுதுபார்க்கக் கொடுக்கும் நகையைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எதிரிலேயே நிறுத்து, இரு எடைகளையும் சீட்டில் எழுதி வாங்குவது வழக்கமாக வேண்டும். வாங்கிய நாளின் ரசீதில் மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் நிகர எடை, மாற்று ஆகிய நான்கும் தனித்தனியே இருந்தால்தான் பின்னர் மாற்றும்போது வாதம் எழாது. கடையில் வைத்திருக்கும் எக்ஸ்கதிர்ப் பரிசோதனைக் கருவி மேற்பரப்பின் மெல்லிய படலத்தை மட்டுமே படிக்கும். பற்றாசு மிகுந்த பழைய நகையில் அது காட்டும் மாற்றும், உருக்கிப் பார்த்தால் வரும் மாற்றும் வேறுபடக்கூடும். ஒரே சங்கிலி வெவ்வேறு இடங்களில் இரண்டு மூன்று முறை அறுந்தால், கண்ணிகள் யாவும் உட்புறம் தேய்ந்துவிட்டன என்றே கொள்ள வேண்டும். அதற்குமேல் பற்றவைக்கும் ஒவ்வொரு முறையும் மாற்று சிறிது இறங்குமேயன்றி உழைப்பு கூடாது. அந்நிலையில் அதை உருக்கி, நீளம் குறைந்த, கம்பி கனத்த புதிய சங்கிலியாகச் செய்துகொள்வதே கணக்குக்கு ஒத்துவரும்.